கோர்சோக்கைத் தாண்டி ஒரு யாக் பட்டி

லடாக் படங்களைப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் பாங்காங் ஏரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏரி அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனசை விட்டு இறங்காமல் இருப்பது வேறொன்று. சோ மோரிரி ஏரிக்கரையில் கோர்சோக் என்ற கிராமம் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு பக்கப் பள்ளத்தாக்கில், கோடை மேய்ச்சலுக்கு வந்து இறங்கியிருந்த சாங்பா எனப்படும் நாடோடி மேய்ப்பர் குடும்பம் ஒன்றின் யாக் பட்டியில் தங்கினேன். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே தென்கிழக்காகப் போனால் உப்ஷி, பிறகு வெந்நீர் ஊற்றுள்ள சுமதாங், அப்புறம் மாஹே பாலம். பாலத்தில் அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டு விடுவார்கள். அங்கே சிந்துவை விட்டுப் பிரிந்து, சும்தோ வழியாக நம்ஷாங் கணவாயில் ஏறி இறங்கினால் சோ மோரிரி. மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர். சாங்தாங் எனப்படும் இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி திபெத்தில் இருக்கிறது. அதன் மேற்கு ஓரம் மட்டும் லடாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கோர்சோக் 4,500 மீட்டருக்கும் மேலே. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்குப் போகும் ஊர் இது. நான் போனது நல்ல கோடையில். அப்போதும் விடியற்காலையில் ஓடைக்கரையில் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது.

வண்டி ஓட்டி வந்தவர் லடாக்குக்காரர். ‘அச்சோலே’ என்று கூப்பிட்டேன், அங்கே வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தக்காரர்கள்தான் அந்தப் பட்டியில் இருந்தார்கள். இல்லாவிட்டால் என்னைப் போன்ற வெளியாள் அங்கே போய்த் தங்கியிருக்க முடியாது. ‘நாய் கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை வண்டியை விட்டு இறங்காதீர்கள்’ என்றார். ஓநாயையே விரட்டுகிற நாய்கள் அவை. அவர் சொன்னபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பண்ணை என்றால் நமக்கு வேலியும் கொட்டிலும் தீவனத் தொட்டியும் நினைவுக்கு வரும். இங்கே அவை எதுவும் இல்லை. இடுப்புயரத்துக்குக் கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு வட்டப் பட்டி, அது ஆடுகளுக்கு. பக்கத்தில் யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம் ஒன்று, வெள்ளைக் கித்தான் கூடாரம் ஒன்று. தரையோடு தரையாக நீளமாக இழுத்துக் கட்டிய கயிறு, அதில் வரிசையாகக் கன்றுகள். பட்டி இவ்வளவுதான். மற்றதெல்லாம் மலை. அந்த மலை யாருக்கும் பட்டா போட்ட நிலமில்லை. எந்தக் குடும்பம் எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது மேய்க்கலாம் என்று ஊர்த்தலைவரான கோபாவும் பெரியவர்களும் கூடி முடிவு செய்வார்கள். ஒரு புல்வெளி தேய்வதற்குள் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஆண்டுக்குப் பல தடவை இப்படி இடம் மாறுகிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டியில் யாக் ஒன்றுகூட இல்லை. கன்றுகள் மட்டும்தான். பெண் யாக்கை அங்கே ‘டெமோ’ என்கிறார்கள். டெமோக்கள் காலையில் மலையேறி மேய்ந்து சாயங்காலம் கன்றைத் தேடித் தாமாகவே இறங்கி வரும். கிடாக்களோ இன்னும் உயரத்தில், பனியை ஒட்டி, தங்கள் பாட்டுக்குத் திரியும். அவற்றை யாரும் மேய்ப்பதில்லை. அவ்வப்போது ஒருவர் மலையேறிப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். மடியில் உப்பு கொண்டு போவார். எங்கேயோ பாறை மேல் நிற்கிற கிடா உப்புக்காக இறங்கி வந்து கையை நக்குமாம். முள்கம்பி எதுவும் இல்லாமல், ஒரு கைப்பிடி உப்பை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய மிருகத்தை வளர்க்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

கறுப்புக் கூடாரத்துக்குள் பாட்டி இருந்தார், அபிலே. ‘ஜூலே’ என்று கைகுவித்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளத்தைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னார். உடனே உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் வந்தது, குர்குர் சா. ஒரு வாய் குடித்தால் மறுபடி நிரப்புவார்கள். விளிம்புவரை நிரம்பிய கோப்பையோடு உட்கார்ந்திருப்பதுதான் விருந்தாளிக்கு மரியாதை. நல்ல தேநீர் அது. அந்தக் குளிரில், அந்த வறண்ட காற்றில், தொண்டைக்கும் உதட்டுக்கும் வேண்டியது அந்தக் கொழுப்பும் உப்பும்தான். நாலைந்து கோப்பை குடித்ததும் தலைவலி குறைந்ததுபோல இருந்தது.

அபிலே என்னைக் கேட்ட முதல் கேள்வி என் வேலையைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ அல்ல. ‘உங்கள் ஊரில் மாடு ராத்திரி எங்கே படுக்கும்?’ அச்சோலே மொழிபெயர்த்தார். கொட்டிலில், கூரைக்குக் கீழே என்றேன். ‘கூரைக்குக் கீழேயா? அதற்கு மூச்சு முட்டாதா?’ என்றார் நிஜமான கவலையோடு.

சூரியன் சாய்ந்ததும் காற்று இன்னும் உரத்தது. அப்போதுதான் மேல் சரிவில் கறுப்புப் புள்ளிகள் அசைந்தன. அபிலேயின் மருமகள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரை நான் அச்செலே என்று அழைத்தேன். மந்தை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் கேட்டது. யாக் ‘ம்மா’ என்று கத்துவதில்லை, தொண்டைக்குள்ளேயே உறுமுகிறது. தாய் ஒரு தடவை உறுமினால் கயிற்றில் கட்டிய கன்றுகளில் ஒன்று மட்டும் விலுக்கென்று நிமிரும். மற்றவை சும்மா இருக்கும். அத்தனை உறுமல்களுக்குள்ளே தன் தாயின் உறுமல் எது என்று அதற்குத் தெரிகிறது.

கறவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பட்டியின் உயிரே அதுதான். முதலில் கன்றை அவிழ்த்து விடுகிறார்கள். அது ஓடிப்போய் முட்டிமுட்டிக் குடிக்கும். மடி சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் முன்னங்கால் பக்கம் கட்டிவிட்டு, அச்செலே குத்துக்காலிட்டு உட்கார்கிறார். நெற்றியை யாக்கின் விலாவில் அழுத்திக்கொள்கிறார். டெமோவின் மடி சிறியது, முடிக்குள் புதைந்திருக்கும். காம்பு கட்டைவிரல் பருமன்கூட இல்லை. முழுக்கையால் பிடித்துக் கறக்க முடியாது, இரண்டு விரல்களால் உருவித்தான் எடுக்க வேண்டும். கறக்கும்போது அவர் மெல்ல முனகலாக ஏதோ பாடிக்கொண்டே இருந்தார். பாட்டு நின்றால் டெமோ நகர்ந்துவிடும் என்றார். கொஞ்சம் கறந்ததும் எழுந்து கன்றைத் திரும்ப விடுகிறார். மீதி கன்றுக்கு.

ஒரு டெமோ கோடையில்கூட நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் கறக்கும். சினைக்காலம் எட்டரை மாதம். பெரும்பாலும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் கன்று ஈனும். கலப்பின மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பாலைப் பார்க்க வேண்டும். கொழுப்பே ஆறு, ஏழு சதவீதம் இருக்கும். காய்ச்சினால் ஏடு விரல் தடிமனுக்குப் படிகிறது. அந்த மலையில் விளைவது விரல் நுனி அளவே உயர்ந்த புல். அதிலிருந்து இவ்வளவு கொழுப்பை டெமோ எடுத்துக் கொடுக்கிறது. சமவெளி மாடு அந்த உயரத்தில் உயிரோடு நிற்காது.

ஏன் நிற்காது என்பதை அந்த உடம்பைப் பக்கத்தில் பார்த்தால் புரியும். மாட்டுக்கு விலா எலும்பு 13 ஜோடி, யாக்குக்கு 14. அகன்ற நெஞ்சுக்கூடு, அதற்குள் பெரிய நுரையீரல், பெரிய இதயம். சமவெளி மாட்டை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி இதயம் திணறிப்போகும். யாக்குக்கு அந்தச் சுருக்கம் வருவதில்லை. தோலை ஒட்டிப் பஞ்சுபோன்ற அடிமயிர், அதன் பெயர் குல்லு. அதற்கு மேலே தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும் முரட்டு முடி. வியர்ப்பதே அரிது. அதனால் சூடு வெளியே போகாது. அதே காரணத்தால் வெயிலும் தாங்காது, நல்ல கோடை வெயிலில் மூச்சு வாங்கும். கீழே கொண்டுபோனால் நோய் வந்துவிடும். குளிரில் தண்ணீர் உறைந்துவிட்டால் பனியைத் தின்றே சமாளிக்கும். மூக்காலும் குளம்பாலும் பனியைக் கிளறிக் காய்ந்த புல்லைத் தேடும். அப்படியும் குளிர்காலம் முடிவதற்குள் எடையில் கால்பங்குவரை இழந்துவிடும். கோடையில் தின்று சேர்த்த கொழுப்புதான் அதை வசந்தம்வரை கொண்டுவந்து சேர்க்கிறது.

நம் சங்கப் புலவர்கள் பாடிய இமயத்துக் கவரி இதுதான். குமட்டூர்க் கண்ணனார் பதிற்றுப்பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடும்போது, இமயச் சாரலில் தூங்கும் கவரி அருவியையும் நரந்தம் புல்லையும் கனவு காண்பதாகச் சொல்கிறார். நம் கோயில்களில் சுவாமிக்கு வீசுகிற வெண்சாமரம் வெள்ளை யாக்கின் வால்முடி. நூற்றாண்டுக் கணக்காக இமயத்திலிருந்து தெற்கே விலைக்கு வந்த பொருள் அது. முடி போனால் கவரி வாழாது என்று குறள் சொல்வதைப் பள்ளியில் மானத்தைப் பற்றிய பாடமாகப் படித்தோம். அந்தப் பட்டியில் நின்றபோது அது உடம்பைப் பற்றிய உண்மையாகவும் தெரிந்தது. அடிமயிரைச் சீவி எடுப்பதைக் குளிர் விட்டு அது தானே உதிரத் தொடங்கும்போதுதான் வைத்துக்கொள்கிறார்கள். தவறான மாதத்தில் எடுத்தால் விலங்கு செத்துப்போகும் என்றார் அபிலே.

சீவிய முடி எங்கே போகிறது? நான் உட்கார்ந்திருந்த கூடாரமே அதில் நெய்ததுதான். ரெபோ என்பார்கள். முரட்டு முடியைத் திரித்து நூலாக்கி, நீளநீளப் பட்டைகளாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். கோர்சோக் இருக்கும் ரூப்ஷு பகுதியில் செம்மறிக் கம்பளியைப் பெண்கள் நெய்வார்கள், யாக் முடியையும் ஆட்டு முடியையும் ஆண்கள் நெய்வார்கள். நெசவு தெரியாத ஆணுக்கு முன்பெல்லாம் மதிப்பிருக்காதாம். ரெபோவுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் நெசவின் கண்களில் வெளிச்சம் ஊசிமுனைகளாகத் தெரிகிறது. அடுப்புப் புகை அது வழியாகவே வெளியேறுகிறது. மழையோ பனியோ நனைத்தால் முடி ஊதி அந்தக் கண்கள் அடைத்துக்கொள்ளும், உள்ளே ஒழுகாது. ஒரு பட்டை நைந்தால் அதை மட்டும் பிரித்துவிட்டு வேறு வைத்துத் தைக்கலாம். கித்தான் கூடாரத்திலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பகலில் புழுக்கம், ராத்திரியில் கடுங்குளிர். எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன், ரெபோதான் உசத்தி.

அடுப்பில் எரிந்தது யாக் வறட்டி. நம் ஊரைப்போலத் தட்டிக் காயவைக்கும் வேலைகூட இல்லை, அந்த வெயிலிலும் காற்றிலும் கிடந்த இடத்திலேயே காய்ந்துவிடுகிறது. பொறுக்கிக் கொண்டுவந்து கூடாரத்தைச் சுற்றி மதில்போல அடுக்கி வைக்கிறார்கள். மரமில்லாத தேசத்தில் விறகு அதுதான். வறட்டி இல்லாவிட்டால் பூர்ட்சே என்ற குத்துச்செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியிருக்கும். அது வளர எத்தனையோ வருஷம் ஆகும், பிடுங்கினால் மண்ணும் காற்றோடு போய்விடும்.

மறுநாள் காலை வெண்ணெய் எடுத்தார்கள். உறையூற்றிய பாலை ஆட்டுத்தோல் பைக்குள் ஊற்றி, வாயைக் கட்டி, மடியில் வைத்து முன்னும் பின்னும் உருட்டுகிறார் அபிலே. மணிக்கணக்கில் உருட்ட வேண்டும். பேச்சும் மணிமாலையும் பேரக்குழந்தையும் எல்லாம் அந்த உருட்டலோடு சேர்ந்தே நடக்கிறது. திரண்ட வெண்ணெய் நல்ல மஞ்சள். மோரைக் காய்ச்சித் திரித்து, வடிகட்டி, துணியில் பரப்பிக் காயவைத்தால் சுர்பே, கல்லுபோன்ற பாலாடைக்கட்டி. குளிர்காலக் கஞ்சிக்கு அது. வெண்ணெயை ஆட்டு இரைப்பைக்குள் அடைத்துத் தைத்துவிட்டால் ஒரு வருஷம் கெடாது. காற்றுப் படாது, அவ்வளவு குளிரில் வேறு கெடுதலும் வராது. வறுத்த பார்லி மாவில் அந்த வெண்ணெயையும் தேநீரையும் விட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். பசிக்குச் சாப்பிட்டதில் இப்படியொரு நிறைவான உணவு நான் சாப்பிட்டதில்லை.

நடுவே ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. ஏரிப் பக்கம் நடந்து போனபோது வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தன. தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். இந்த இனம்தான் குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம்வரை வருகிறது. கூந்தன்குளத்தில் அவற்றைப் பார்த்தவர்கள் அவை குஞ்சு பொரிக்கும் இடங்களில் ஒன்று இது என்று தெரிந்துகொள்ளுங்கள். சோ மோரிரியை 2002-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள்.

இனி என் மனசை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

சாங்பாக்களுக்குப் பணம் யாக்கில் வருவதில்லை, ஆட்டில் வருகிறது. பஷ்மினா ஆட்டின் அடிமயிர் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. யாக் கொடுத்தது பணத்தை அல்ல, அந்த இடத்தில் வாழ்வதற்கான வழியை. வீடு, விறகு, வெண்ணெய், சுமை தூக்க ஒரு முதுகு. இப்போது வீட்டுக்குக் கித்தான் வந்துவிட்டது. விறகுக்கு எரிவாயு சிலிண்டர் வந்துவிட்டது. வெண்ணெய் லேயிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. இடம் பெயர லாரி வருகிறது. ஒவ்வொன்றும் நியாயமான வசதிதான். உறைபனியில் வறட்டி பொறுக்கும் பெண்ணிடம் போய் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் நான்கும் சேரும்போது யாக்கை வைத்துக்கொள்ளக் காரணமே இல்லாமல் போகிறது. அதே மேய்ச்சலில் இன்னும் நாலு ஆடு விட்டால் காசாவது வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அச்செலேயின் வீட்டிலும் மாமனார் காலத்தில் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை.

நாடு முழுக்க இதே கதைதான். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் யாக் எண்ணிக்கை சுமார் 58,000. 2012-ல் சுமார் 77,000 இருந்தது. ஏழே ஆண்டில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. உலகத்தில் யாக் அழிந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சீனாவில், குறிப்பாகத் திபெத்திய மேட்டுநிலத்தில், ஒரு கோடிக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்து மந்தைகளுக்கு அங்கிருந்து முன்பு புதுப் பொலி கிடாக்கள் வந்துகொண்டிருந்தன. 1962 போருக்குப் பிறகு எல்லை அடைபட்டதும் அந்த வரத்து நின்றுபோனது. ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்து விலங்குகள் சிறுத்துக்கொண்டே வருவதாக மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். போரோடு சில குளிர்கால மேய்ச்சல் நிலங்களும் கைவிட்டுப் போயின. திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மந்தைகளும் மிச்சமிருந்த புல்வெளிக்குள்தான் சேர்ந்தன.

பனியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வடக்கு சிக்கிமில் 2018 டிசம்பரில் தொடங்கிய பனி மாதக்கணக்கில் விடவில்லை. 2019 மே மாதம் முகுதாங், யும்தாங் பகுதிகளில் சுமார் 300 யாக்குகள் பட்டினியால் செத்துக் கிடந்தன. குளிர் கொல்லவில்லை. குளிருக்கென்றே படைத்த விலங்கு அது. பனிக்கு அடியில் இருந்த புல் எட்டவில்லை, தீவனம் போய்ச் சேரவில்லை. இப்படிச் சாவதை மனிதர்களால் தடுக்க முடியும்.

லடாக்கின் சாங்தாங்கில் கோர்சோக், சமத், கர்னாக் என்று நாடோடிக் கூட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் கர்னாக்காரர்களில் பெரும்பாலோர் மந்தையை விற்றுவிட்டு லே பக்கம் குடியேறிவிட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கர்னாக்லிங் என்றே பெயர். வழியில் அந்தக் குடியிருப்பை அச்சோலே எனக்குக் காட்டினார். ஏன் போனார்கள் என்று கேட்டேன். ‘பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அச்செலேயிடமும் இதைப் பேசினேன். அவருடைய மூத்த மகள் லேயில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கன்றுகளை அவிழ்த்துக் கட்டுவதில் அவ்வளவு லாவகம். இவள் இங்கேயே இருப்பாளா என்று கேட்டபோது அச்செலே தன் கைகளை விரித்துக் காட்டினார். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பேறிக் கிடந்தது. ‘இது அவளுக்கு வேண்டாம்’ என்றார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை, கன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். அந்தத் தாய்க்கு மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்குப் பள்ளிக்கூடம் மந்தை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தால், கை வெடிப்புக்கு மருந்து தர ஒரு செவிலியர் பள்ளத்தாக்குக்கு வந்துபோயிருந்தால், இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. சாங்தாங்கிலேயே புகா என்ற இடத்தில் நாடோடிப் பிள்ளைகளுக்கு ஓர் உறைவிடப் பள்ளி நடக்கிறது. அதுபோல இன்னும் சில வேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். அருணாசலத்தில் திராங் என்ற ஊரில் 1989-ல் தொடங்கிய தேசிய யாக் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2022 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் யாக்கை உணவுக்கான விலங்காக அங்கீகரித்தது. யாக்கின் பாலும் இறைச்சியும் முறையாகச் சந்தைக்கு வர அது வழி திறந்திருக்கிறது. நல்ல காரியம். அதே சமயம், லடாக்கில் 13 கிகாவாட் மின்சாரத்துக்கு மத்திய அரசு 2023-ல் திட்டம் போட்டிருக்கிறது. அதன் சூரியத் தகடுகள் வரப்போவது சாங்தாங்கின் மேய்ச்சல் நிலத்தில்தான். காலியிடம் என்று வரைபடத்தில் தெரிகிற ஒவ்வொரு சரிவுக்கும் அங்கே ஒரு மந்தையின் முறை இருக்கிறது. அந்த முறை தெரிந்தவர்களைக் கேட்காமல் அங்கே ஒரு கம்பிகூட நடக்கூடாது. இது என் உறுதியான கருத்து.

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியவை தெளிவாகத்தான் இருக்கின்றன. பனி இறங்குவதற்கு முன்பே தீவனத்தைப் பள்ளத்தாக்குகளில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பொலி கிடாக்களை லடாக்குக்கும் அருணாசலத்துக்கும் சிக்கிமுக்கும் இடையே மாற்றிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். குல்லுவுக்கு நல்ல விலை வேண்டும். பஷ்மினாவைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு, சூட்டில் குறைவே இல்லை. ஆனால் அதன் பெயர்கூட நம் கடைக்காரர்களுக்குத் தெரியாது.

நீங்கள் லடாக் போவதாக இருந்தால் உங்களுக்கும் சில வார்த்தைகள். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்காமல் சாங்தாங் ஏறாதீர்கள். வண்டியைத் தடத்தை விட்டுப் புல்வெளிக்குள் இறக்கவே இறக்காதீர்கள். அங்கே ஒரு சக்கரத் தடம் ஆறப் பல வருஷம் ஆகும், அந்தப் புல் ஒரு கன்றின் குளிர்காலம். ஏரிக்கரையில் ஜிகினா கட்டி நிறுத்தியிருக்கும் யாக்கின் மேல் ஏறிப் படம் எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளூர் வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி, கேட்டு அனுமதி வாங்கி, ஒரு பட்டிக்குப் போங்கள். கேட்காமல் கூடாரத்தையோ ஆளையோ படம் எடுக்காதீர்கள். தங்கினால் கணக்காகப் பணம் கொடுங்கள், மறுத்தாலும் கொடுங்கள். வரும்போது நெய்தவர் கையிலிருந்தே ஒரு குல்லு சால்வையோ கையுறையோ, கொஞ்சம் சுர்பேயோ வாங்கி வாருங்கள். யாருக்காவது கோர்சோக் பக்கம் போக வழி விவரம் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.